யூரியா தெளித்த வயலும் ரெண்டடி மீன் தொட்டியும்

தஞ்சாவூரில் மீன் தொட்டி வைத்திருப்பவருக்கு மூன்று தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் உண்டு. குழாயில் வரும் கொள்ளிடத்துத் தண்ணீர், வீட்டு போரிலிருந்து மேல்தொட்டிக்கு ஏறும் தண்ணீர், ஐப்பசி கார்த்திகையில் மாடிக் குழாய் வழியே கொட்டும் மழைத் தண்ணீர். இதில் எது மீனுக்கு நல்லது என்றுதான் புதிதாகத் தொட்டி வாங்கிய எல்லோரும் கேட்கிறார்கள். எதுவானாலும் சரி, ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். ஏதோ தொழில் ரகசியத்தை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மறைக்க ஒன்றும் இல்லை. பிஹெச் சரியாக 7 இருக்க வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டது நம் ஊர் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. கடையில் தொட்டி, மோட்டார், கலர் கல் எல்லாம் வாங்கி முடித்ததும் பில்லோடு சேர்த்து 'பிஹெச் டவுன்' என்று ஒரு சின்ன பாட்டிலையும் தள்ளிவிடுகிறார்கள். அதில் இருப்பது ஏதோ ஒரு அமிலம். போர்த் தண்ணீரில் அதை ஊற்றினால் அன்றைக்கு பிஹெச் இறங்கும், மறுநாள் பழைய இடத்துக்கே ஏறி நிற்கும். மறுபடி ஊற்றுவோம், மறுபடி ஏறும். பிஹெச் 8 உள்ள தண்ணீரில் மாதக்கணக்காக வாழ்ந்துவிடும் மீன், 8-க்கும் 6.8-க்கும் நடுவே தினம் ஏறி இறங்கினால் ஒரு வாரம் தாங்காது. நம் கடைகளில் விற்கும் ஏஞ்சலும் கப்பியும் மோலியும் பெரும்பாலும் சென்னை கொளத்தூர் வழியாக வருபவை. தலைமுறை தலைமுறையாகப் பண்ணைத் தொட்டிகளில் பிறந்து வளர்ந்தவை. அமேசான் ஆற்றை அவை கண்டதில்லை. அந்த பாட்டிலை வாங்காதீர்கள், அந்தக் காசுக்கு அமோனியா பார்க்கும் சொட்டு மருந்து கிட் ஒன்று வாங்குங்கள். வேறெதையும் பார்க்காவிட்டாலும் அமோனியாவைப் பார்த்தே ஆக வேண்டும்.

இந்த அமோனியாவை எனக்குப் புரிகிற மாதிரி சொன்னவர் எங்கள் பெரியப்பா. வெண்ணாற்றுப் பாசனத்தில் நெல் போடுகிறவர். மீன் தொட்டி என்பதே அவருக்கு வெட்டி வேலை. ஒருமுறை வீட்டுக்கு வந்திருந்தபோது, மீனுக்குப் போடும் தீனி அமோனியாவாக மாறுவதையும், தண்ணீரின் பிஹெச் ஏறினால் அது விஷமாவதையும் சொல்லிக்கொண்டிருந்தேன். காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏன்டா தம்பி, வயல்ல தண்ணி நிக்கிறப்ப உச்சி வெயில்ல யூரியாவ எறைச்சா என்னாவும்?"

"என்னாவும் பெரியப்பா?"

"பாதி காத்தோட போயிரும். அதுக்குத்தான் தண்ணிய வடிச்சுப்புட்டு சாயங்காலமா எறைக்கிறது. ஒன் பொட்டியில நடக்குறதும் அதேதானே?"

அதேதான். வயலில் தேங்கி நிற்கும் தண்ணீரில் பாசி இருக்கும். வெயில் ஏற ஏற அது தண்ணீரில் உள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும், பிஹெச் ஏறும். மத்தியானத்துக்குள் 9-ஐத் தாண்டுவதும் உண்டு. ராத்திரி பாசியும் மூச்சு விடுவதால் கரியமில வாயு சேர்ந்து மறுபடி இறங்கும். தண்ணீரில் கரைந்த அமோனியாவுக்கு இரண்டு உருவம். பிஹெச் குறைவாக இருந்தால் அம்மோனியமாக, சாதுவாகக் கிடக்கும். பிஹெச் ஏறினால் வாயு உருவத்துக்கு மாறும். வயலில் அந்த வாயு காற்றோடு போய்விடுகிறது, உழவருக்குக் காசு நஷ்டம். தொட்டியில் அதே வாயு மீனின் செவுளுக்குள் போகிறது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1970, 80களில் இந்த யூரியா இழப்பை வயல் தண்ணீரில் வைத்து விலாவாரியாக அளந்திருக்கிறார்கள். எனக்குப் பெரியப்பாவின் ஒரு கேள்வியிலேயே விஷயம் விளங்கிவிட்டது.

எவ்வளவு மாறும் என்பதற்கும் கணக்கு உண்டு. 30 டிகிரி சூட்டில், நம் ஊரில் பெரும்பாலான மாதங்களில் தொட்டித் தண்ணீர் அந்தப் பக்கம்தான் இருக்கும், பிஹெச் 7-ல் மொத்த அமோனியாவில் விஷ உருவம் 100-க்கு ஒன்றுகூட இல்லை. பிஹெச் 8-ல் 7, 8 சதவீதம். 9-ல் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அமோனியா கூடவே இல்லை, பிஹெச் மட்டும் நகர்ந்தது, அதற்கே மீன் சாகும். மொட்டை மாடியில் பச்சைத் தண்ணீர் சிமெண்ட் தொட்டியில் மீன் விட்டிருப்பவர்கள் காலை ஆறு மணிக்கு ஒரு தடவையும் மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு தடவையும் பிஹெச் பார்த்தால் நான் சொல்வதை நம்புவார்கள்.

இந்த வயலுக்கும் தொட்டிக்கும் உள்ள உறவு ஒரு குடும்பக் கதையாகவே சரித்திரத்தில் இருக்கிறது. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்று ஒரு வேதியியலாளர். 1850-ல் ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு தங்கமீன், வாலிஸ்னேரியா செடி, கொஞ்சம் நத்தை போட்டு, தண்ணீரை மாற்றாமலே வாழவைக்க முடியும் என்று காட்டி எழுதினார். வீட்டு மீன் தொட்டி என்கிற பழக்கத்துக்கு அதுவும் ஒரு தொடக்கம். அவர் மகன் பெயரும் ராபர்ட் வாரிங்டன். ராதம்ஸ்டெட் என்ற வேளாண் ஆராய்ச்சிப் பண்ணையில் 1870களின் கடைசியிலிருந்து வயல் மண்ணில் அமோனியா எப்படி நைட்ரேட்டாக மாறுகிறது என்று தோண்டிக்கொண்டிருந்தவர். அது ஒரே தாவில் நடப்பதில்லை, முதலில் நைட்ரைட், பிறகு நைட்ரேட் என்று இரண்டு படி, இரண்டுக்கும் வேறு வேறு நுண்ணுயிர் என்று கண்டவர். அந்த நுண்ணுயிரைத் தனியே பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. 1890-ல் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர் அதைச் செய்தார். அப்பா தொட்டியில் எதை நம்பி மீனை விட்டாரோ அதை மகன் வயலில் தேடியிருக்கிறார். செடிதான் தண்ணீரைச் சுத்தம் செய்கிறது என்று அப்பா எழுதினார். அந்த மணலிலும் கண்ணாடியிலும் ஒட்டியிருந்த நுண்ணுயிருக்கும் அதில் பங்கு உண்டு என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

தொட்டி வைத்திருக்கும் நாம் நிஜமாக வளர்ப்பது அந்த வழவழப்பைத்தான். மீன் அதன் மேல் குடியிருக்கிறது. ஃபில்டர் ஸ்பாஞ்சில், கல்லில், கண்ணாடியின் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த நுண்ணுயிர்ப் படலம் வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கு முன்னால் தொட்டி நிறைய மீன் போடுகிறவர்களுக்கு மருந்து கிடையாது. நண்பர் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய தொட்டியின் ஸ்பாஞ்சை உங்கள் தொட்டியில் பிழிந்துவிட்டால் சீக்கிரம் பிடிக்கும். கலங்கலைப் பார்த்து வீட்டில் திட்டுவார்கள், திட்டட்டும்.

ஒரு வேடிக்கை. 2015 முதல் நம் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. வேம்பு இந்த நுண்ணுயிரின் வேகத்தைக் குறைக்கும் என்பதற்காக. வயலில் அமோனியா சீக்கிரமாக நைட்ரேட் ஆகிவிட்டால், தண்ணீரோடு கீழே இறங்கி, காற்றில்லாத சேற்றில் நைட்ரஜன் வாயுவாகிப் பறந்துவிடும். அதனால் அங்கே அதற்குக் கடிவாளம் போடுகிறோம். தொட்டியில் அதையே ஓடு ஓடு என்று விரட்டுகிறோம். பூச்சி வரக்கூடாது என்று தொட்டியில் வேப்பிலை போடச் சொல்லும் நல்ல உள்ளங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இப்போது மூன்று தண்ணீருக்கு வருவோம். இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி கொள்வது 56 லிட்டர். கல்லும் மேலே விடும் இடமும் போக 50 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஒரு கிராம் தீனி போடுகிறீர்கள். வழக்கமான மீன் தீனி ஒரு கிராமிலிருந்து சுமார் 30 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் தண்ணீருக்குள் வரும். அதாவது லிட்டருக்கு 0.6 மில்லிகிராம், ஒவ்வொரு நாளும். நுண்ணுயிர் இதை நைட்ரேட்டாக்கும்போது அமிலம் உண்டாகும், அந்த அமிலத்தைத் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் விழுங்கும். இந்தப் பைகார்பனேட் இருப்பைத்தான் காரத்தன்மை என்கிறார்கள், மீன்காரர்கள் மொழியில் கேஹெச். ஒரு பங்கு அமோனியா நைட்ரஜனுக்கு ஏழு பங்கு காரத்தன்மை செலவு. ஆக நம் தொட்டியில் லிட்டருக்கு தினம் நாலு மில்லிகிராமுக்கு மேல் கரைகிறது.

போர்த் தண்ணீரில் காரத்தன்மை 250 இருந்தால், தண்ணீரே மாற்றாவிட்டாலும் இரண்டு மாதம் தாங்கும். மழைத் தண்ணீரில் அது ஏறத்தாழ கிடையாது. 20 இருக்கிறதென்றே வையுங்கள், ஐந்தாம் நாள் காலி. அதன் பிறகு பிஹெச்சைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லாமல் சரசரவென்று இறங்கும். 6-க்குக் கீழே போனால் அந்த நுண்ணுயிரும் வேலையை நிறுத்திக்கொள்ளும். 'மழைத் தண்ணி சுத்தமான தண்ணி, அதைத்தான் ஊத்துறேன், ஆனாலும் மீன் நிக்க மாட்டேங்குது' என்று புலம்புகிறவர்களின் கதை இதுதான். தண்ணீர் சுத்தம் என்பது சரி. அதில் எதையும் தாங்கும் சரக்கு இல்லை.

ஆர்.ஓ. தண்ணீரும் இதே ஜாதி. ஆர்.ஓ. மெஷின் விற்க வருபவர் ஒரு பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டரைத் தம்ளரில் முக்கி, "பாருங்க சார், முன்னூத்தம்பது இருந்தது முப்பது ஆயிடுச்சு" என்று காட்டுவார். அந்த முப்பதைப் பார்த்துப் பூரித்துப்போய் மீனுக்கும் அதையே ஊற்றக் கூடாது. போர்த் தண்ணீர் மிகவும் கடினமாக இருந்தால் இரண்டையும் கலந்து ஊற்றலாம். கலப்பது என்று முடிவு செய்தால் அளவுக் குவளை வைத்து, ஒவ்வொரு முறையும் அதே விகிதத்தில் கலக்க வேண்டும். கண் மட்டத்துக்குக் கலப்பதாக இருந்தால் கலக்காமலே இருப்பது மேல்.

போர்த் தண்ணீரில் இரண்டு சூட்சுமம் உண்டு. ஒன்று, ஆழத்திலிருந்து வருகிற தண்ணீரில் கரியமில வாயு அதிகம் கரைந்திருக்கும். மோட்டார் போட்டதும் பிடித்துப் பார்த்தால் பிஹெச் 7 காட்டும். அதே தண்ணீரை வாளியில் வைத்து, ராத்திரி முழுக்கக் காற்று மோட்டார் ஓடவிட்டுக் காலையில் பாருங்கள், 8-ஐத் தொட்டிருக்கும். வாயு வெளியேறிவிட்டது, அவ்வளவுதான். அதனால் தண்ணீர் மாற்றுவதற்கு முதல் நாளே பிடித்து வைப்பது நல்லது. இரண்டாவது, போர்த் தண்ணீர் வருஷம் முழுக்க ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்கக் கூடாது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. ஆனால் 2022-ல் மே 24-ம் தேதியே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. ஆற்றில் தண்ணீர் ஓடினால் நிலத்தடியில் ஊறும், போர்த் தண்ணீரின் உப்பு இளகும். கோடையில் போர் இறங்க இறங்கக் கெட்டிப்படும். குடிப்பவர்கள் நாக்கிலேயே இதைச் சொல்லிவிடுவார்கள். மீன்காரர்கள் வைகாசிக் கடைசியில் ஒரு தடவை, கார்த்திகையில் ஒரு தடவை காரத்தன்மையையும் கடினத்தன்மையையும் அளந்து சுவரில் எழுதி வைத்தால் போதும். குடிதண்ணீருக்கான இந்தியத் தர நிர்ணயமே கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை போகலாம் என்கிறது. 'குடிக்கிற தண்ணிதான் ஊத்துறோம்' என்கிற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று மடங்கு வித்தியாசம் ஒளிந்துகொள்ள முடியும். வேதாரண்யம் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்பு தனிப் பிரச்சினை, அவர்கள் மழைத் தண்ணீரையும் போர்த் தண்ணீரையும் அளந்து கலந்துதான் ஆக வேண்டும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி, நம் வயிற்றுக்கு நல்லது. மீன் செவுளுக்கும் ஸ்பாஞ்சில் உள்ள நுண்ணுயிருக்கும் அதில் பாதிகூட ஆகாது. அகலமான வாளியில் ஒரு நாள் காற்று மோட்டார் போட்டு வைத்தால் போய்விடும். அவசரம் என்றால் ஹைப்போ, அந்தக் கால போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் படம் கழுவ வைத்திருந்த அதே சோடியம் தயோசல்பேட், கடையில் சொட்டு மருந்தாகவே கிடைக்கிறது. அப்பார்ட்மெண்டில் இருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். மேல்தொட்டி கழுவிய அன்று பிளீச்சிங் பவுடர் தாராளமாகப் போட்டிருப்பார்கள். அன்றைக்குத் தண்ணீர் மாற்றாதீர்கள்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் மீன் கடைகளில் கூட்டம் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? பூஜைக்கு வீட்டைக் கழுவும்போது தொட்டியையும் சேர்த்துக் கழுவுகிறோம். மீனை வாளிக்கு மாற்றி, கல்லை அரிசி களைவது போலக் களைந்து, ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும் வரை பிழிந்து, கண்ணாடி பளபளவென்று, புதுத் தண்ணீர். மறுநாள் காலையில் மீன் மிதக்கும். 'கண்ணு பட்டிருச்சு' என்பார்கள். நடந்தது என்னவென்றால், ஸ்பாஞ்சோடு நுண்ணுயிர் போனது. குளோரின் வந்தது. அதைவிடப் பெரியது மூன்றாவது. பல மாதம் கழுவாத தொட்டியில் காரத்தன்மை கரைந்து, பிஹெச் 6 பக்கம் இறங்கியிருக்கும். மீன் மெதுமெதுவாக அதற்குப் பழகியிருக்கும். நுண்ணுயிர் மந்தமாகி அமோனியா சேர்ந்திருந்தாலும் அந்த பிஹெச்சில் சாதுவாகக் கிடக்கும். அதில் முக்கால் தொட்டி பிஹெச் 8 தண்ணீரை ஊற்றினால், மீந்த அமோனியாவில் ஒரு பங்கு அந்த நிமிஷமே விஷ உருவத்துக்கு மாறும், மீனின் உடம்புக்கும் அந்தத் தாவல் தாங்காது. பழைய தொட்டியைத் திருத்துவதென்றால் தினம் பத்தில் ஒரு பங்கு மாற்றி, ஒன்றிரண்டு வாரத்தில் மேலே கொண்டுவர வேண்டும். பூஜைக்குக் கண்ணாடியின் வெளிப்பக்கம் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தால் போதும், சரஸ்வதி கோபிக்க மாட்டாள்.

வழக்கமான பராமரிப்பு சின்ன வேலை. வாரம் ஒரு முறை நாலில் ஒரு பங்கு தண்ணீர். ஸ்பாஞ்சை வெளியே எடுத்த அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே லேசாகப் பிழிவது. காரத்தன்மை குறைந்திருந்தால் ஆப்ப சோடா. 50 லிட்டருக்கு ஒன்றரை கிராம், அதாவது டீ ஸ்பூனில் மூன்றில் ஒரு பங்கு, கேஹெச்சை ஒரு அலகு ஏற்றும். ஒரு நாளைக்கு அதற்கு மேல் வேண்டாம். நைட்ரைட் ஏறிவிட்டால் கொஞ்சம் கல்லுப்பு, லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவாக. உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்துக்குள் போவதைத் தடுக்கும். தெருவுக்குத் தெரு நிற்கும் நாட்டு பாதாம் மரத்தின் காய்ந்த இலையைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். போடலாம், கெடுதல் இல்லை. ஆனால் கேஹெச் உள்ள போர்த் தண்ணீரில் அது டீ நிறத்தைக் கொடுக்குமே தவிர பிஹெச்சை இறக்காது. வேளாங்கண்ணியில் வாங்கி வந்த சங்கு, கிளிஞ்சலை அழகுக்குப் போடுகிறவர்கள், கிளிஞ்சல் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். போர்த் தண்ணீரில் அதனால் பெரிய மாற்றம் இராது. மழைத் தண்ணீரிலும் ஆர்.ஓ. தண்ணீரிலும் மெல்லக் கரைந்து கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே போகும்.

செடி வையுங்கள். அசோலாவை மாட்டுத் தீவனத்துக்கு வளர்க்கிற வீடுகளில் அதையே தொட்டியிலும் மிதக்க விடுகிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் அது தன் இலைக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசியின் தயவில் காற்றிலிருந்தே நைட்ரஜன் எடுத்துக்கொள்ளும். நம் அமோனியாவை நம்பி அது இல்லை. வாய்க்காலை அடைத்துக்கொண்டு நிற்கிறதே ஆகாயத்தாமரை, அதில் ஒரு குட்டிச் செடி அதைவிட நன்றாக உறிஞ்சும். நாலு தண்ணீரில் நன்றாக அலசி, சில நாள் தனி வாளியில் வைத்துவிட்டுப் போடுங்கள். வாய்க்கால் தண்ணீரை மட்டும் தொட்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள். எந்த வயலில் நேற்று குருணை மருந்து போட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

கொளத்தூரிலிருந்து பஸ்ஸில் மீன் வரவழைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ராத்திரி ஏற்றினால் காலையில் தஞ்சாவூர். பைக்குள் ஆக்சிஜன் அடைத்திருப்பதால் மூச்சுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ராத்திரி முழுக்க மீன் விட்ட கரியமில வாயு அந்தத் தண்ணீரிலேயே கரைந்து பிஹெச் இறங்கியிருக்கும், அமோனியாவும் சேர்ந்திருக்கும். பிஹெச் இறங்கியிருப்பதால்தான் அந்த அமோனியா மீனைக் கொல்லாமல் விட்டிருக்கிறது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஹெச் ஏறும், அமோனியா விழித்துக்கொள்ளும். பையைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்காகத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவது பக்கத்துக் கடையில் வாங்கிய மீனுக்குச் சரி. ராத்திரிப் பயணம் செய்த மீனுக்கு மூடிய பையையே தொட்டியில் கால் மணி மிதக்கவிட்டு, சூடு சமமானதும் திறந்து, வலையில் அள்ளித் தொட்டியில் விட்டுவிட வேண்டும். பைத் தண்ணீர் சாக்கடைக்கு.

கத்திரி வெயிலில் விஷயம் அமோனியாவோடு நிற்காது. 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் கொள்ளும் தண்ணீர், 35 டிகிரியில் 7-ஐத் தாண்டாது. மீனுக்கோ சூட்டில் மூச்சு அதிகம் வேண்டும். விடிகாலையில் எல்லா மீனும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றால் அதுதான். மூடியைத் திறந்து, மேல்பரப்பு அலையும்படி ஒரு சின்ன மின்விசிறியைத் திருப்பி வையுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது சூடு இறங்கும். ஆவியானது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும், ஆகவே அந்தக் குறைவை நிரப்ப மட்டும் மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றலாம். அவற்றுக்கு என் தொட்டியில் உள்ள ஒரே வேலை இதுதான்.

2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு டெல்டாவில் கரண்ட் எப்போது வந்தது என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கணக்கு உண்டு. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை போனவர்களிடம் மீன் தொட்டியைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கும். ஆனாலும் அந்த வாரம் பல தொட்டிகள் தப்பித்தது எப்படி என்பதில் பாடம் இருக்கிறது. தீனியை அடியோடு நிறுத்தியவர்கள் தப்பித்தார்கள். நல்ல மீன் ஒரு வாரம் பட்டினி கிடக்கும், தீனி இல்லாவிட்டால் அமோனியாவும் அவ்வளவாக வராது. மணிக்கு ஒரு தடவை குவளையில் அள்ளி உயரத்திலிருந்து ஊற்றியது மற்றொன்று. பெட்டி மாதிரி மூடிய ஃபில்டர் வைத்திருந்தவர்களுக்குத்தான் கஷ்டம். பல மணி நேரம் ஓட்டமில்லாமல் கிடந்தால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து நுண்ணுயிர் அழுகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிட்டால் அந்த அழுகல் மொத்தமும் தொட்டிக்குள். மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகல் முழுக்க மின்தடை என்று அறிவிக்கும் நாளிலும் இதே ஜாக்கிரதை வேண்டும். ஃபில்டரைத் திறந்து உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டி, லேசாக அலசிவிட்டு மாட்டுங்கள். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று, மீன் பிடிக்கப் போகிறவர்கள் இரை மீனை உயிரோடு வைக்கப் பயன்படுத்துவது, வீட்டில் இருக்கட்டும்.

இவ்வளவும் முடியாது, ஆனால் மீன் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. தண்ணீருக்கு ஏற்ற மீனை வைப்பது. போர்த் தண்ணீருக்கு கப்பியும் மோலியும் தோதானவை, கடினத் தண்ணீர் அவற்றுக்குப் பிடிக்கும். இன்னும் துணிச்சல் இருந்தால் நம் வாய்க்கால் மீன். கெண்டைப் பொடி ஒரு கூட்டமாக நன்றாக ஓடும். எனக்குப் பிடித்தது பனையேறிக் கெண்டை. தலைக்குள் காற்றை நேரடியாக மூச்சு விடும் உறுப்பு ஒன்று அதற்கு உண்டு, ஆக்சிஜன் தீர்ந்த தண்ணீரிலும் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் வேலை பார்த்த டால்டார்ஃப் என்ற அதிகாரி, 1791-ல் இந்த மீன் ஒரு பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்ததைத் தானே பார்த்ததாக லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு எழுதினார், 1797-ல் அச்சிலும் வந்தது. பனை ஏறுமா ஏறாதா என்று ஐரோப்பாவில் நூறு வருஷத்துக்கு மேல் வாதாடியிருக்கிறார்கள். பனை ஏறுவதை நான் பார்த்ததில்லை. மழை நாளில் மேட்டில் செவுளை ஊன்றி நகர்ந்து போவதை இந்தப் பக்கத்தில் பார்க்காதவர்கள் குறைவு.

பனையேறி வைக்கிறவர்கள் சின்ன மீன்களை அதோடு விடாதீர்கள், தின்றுவிடும். தொட்டிக்கு இறுக்கமான மூடி போட்டு மேலே ஒரு கனமும் வையுங்கள், மின்கம்பி போகிற ஓட்டை வழியாகக்கூட வெளியே வந்துவிடும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரல் இடம் விட வேண்டும். மேலே காற்று இல்லாவிட்டால் இந்த மீன் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துவிடும்.